பாவித்துப் பார்த்தவளின் விமர்சனம்

என் அன்பு மகன் தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்றுதான் தொலைபேசியில் சொன்னாய், ஆனால் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. "அம்மா, அந்த மென்பொருளைப் பற்றி இனிக் கதைக்காதேங்கோ. அது செத்துப்போச்சு. நான் மாத முடிவில சிங்கப்பூர் போறன், அங்க வேற வேலை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். தொலைபேசிக் கடைக்காரர் ஏதோ பெரிய செய்தி வருகிறது என்று நினைத்து எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். அந்தக் கம்பிக்குள் உன் மூச்சு இன்னும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. பிறகு வவுனியாக் குளத்தின் கட்டோரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. நீ மூன்று வருசமாகக் கண்விழித்துச் செய்த ஒரு பொருளை யாரோ ஒரு சஞ்சிகையில் இரண்டு வரி எழுதிக் கொன்றுவிட்டார்கள், நீயும் அதை நம்பிவிட்டாய் என்ற நினைப்பைத் தவிர வேறு ஒன்றும் மனதில் ஓடவில்லை.

போகாதே என்று எழுத இதை எடுக்கவில்லை. போ. பிள்ளைகள் போகத்தான் வேண்டும், அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் அந்தத் தமிழ் எழுத்து மென்பொருளைக் குப்பையில் போட்டுவிட்டுப் போவதா, கையில் கொண்டு போவதா என்பதில் எனக்கும் ஒரு சொல் இருக்கிறது. அம்மாவுக்குக் கொம்பியூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்கு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதுதான். ஆனால் ஒரு பொருளுக்குப் பெயர் எப்படி வருகிறது, பெயர் எப்படிக் கெடுகிறது என்பதில் நான் வருசக்கணக்காகப் பழுத்தவள். கிளிநொச்சியில், வாய்க்கால் கரைக் குடியேற்றத்தில் நாங்கள் இருந்த காலத்தை நினைத்துப் பார். படங்களைப் பார்க்காமலே படங்களைப் பற்றி ஊர் முழுக்க அடிபட்ட காலம் அது.

கரண்ட் இல்லை. வேலாயுதம் அண்ணையிடம் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவியும் பழைய லொறிப் பற்றரியும் இருந்தன. பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி அரிசி மில்லுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணி வருவார். கிழட்டுப் பற்றரி, அரை மணித்தியாலம் தாண்டினால் படம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு பொட்டாகிப் போய்விடும். ஆகவே அண்ணை ஒரு சட்டம் போட்டார். கடல் தாண்டி இந்தியாவிலிருந்து வரும் ஒளிபரப்பில் ஞாயிற்றுக்கிழமை முழுப் படம் போடுவார்கள். அதைத் தொடவே கூடாது. அதற்கு முன்னால் வரும் அரை மணித்தியாலத் திரைவிமர்சனம் மட்டும்தான். "முழுப் படம் பாக்க வெளிக்கிட்டா இடைவேளைக்கு முன்னமே பற்றரி செத்திடும். பிறகு ஆர் ஆரைக் கலியாணம் கட்டினது எண்டு தெரியாமக் கிடந்து உத்தரிக்க வேணும். இதெண்டா முழுசாப் பாக்கலாம்" என்பார். எவ்வளவு நியாயமான கதை! அப்படித்தான் ஒரு குடியேற்றமே, படங்களை விட்டுவிட்டு விமர்சனங்களுக்கு ரசிகரானது. இப்படி ஒரு கூத்து வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது.

அந்த விமர்சகர் உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. தடித்த கண்ணாடி, முழுக்கைச் சட்டை, முன்னால் ஒரு மேசையும் ஒரு கிளாஸ் தண்ணீரும். கடற்காற்று நல்லபடி வீசினால் அவர் முகம் தெளிவாக வரும். இல்லாவிட்டால் புழுதிக்குள் இருந்து கதைப்பதுபோல இருக்கும். அப்பா முற்றத்தில் நின்று அன்ரெனாக் கம்பைத் திருப்புவார், நீ வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நில்லுங்கோ!" என்று கத்துவாய். அந்த மனுசன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எந்தப் படத்தையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று தொடங்குவார். கதையைச் சொல்லமாட்டார். ஒரு காட்சியில் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வந்தது, ஒரு பெண் கதவைச் சாத்தும்போது கை எப்படித் தயங்கியது, இப்படித்தான் சொல்லுவார். நடுவில் இரண்டு நிமிசம் படத்தின் ஒரு துண்டு காட்டுவார்கள். அது போதும் எங்களுக்கு. மிச்சத்தை நாங்கள் வாய்க்காலில் உடுப்புத் தோய்த்தபடியும், வயலில் களை பிடுங்கியபடியும், அடுத்த ஞாயிறுவரை கட்டிக்கொண்டிருப்போம். நான் கட்டிய படத்தில் கதாநாயகி எப்போதும் கொஞ்சம் என்னைப்போல இருப்பாள். இதை அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

ஒருமுறை ஓர் ஆற்றங்கரைப் படத்தைப் பற்றிச் சொன்னார். தோணிக்காரனுடைய மனைவி கரையில் காத்திருக்கிறாள். வெகுநேரம் யாரும் கதைப்பதில்லை. "தியேட்டரில் முதலில் இருமல் கேட்டது, பிறகு இருமலும் நின்றுவிட்டது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தில் ஊர் விழுந்துவிட்டது. அந்தப் படம்தான் உலகத்திலேயே நல்ல படம் என்று முடிவாகிவிட்டது. இரண்டு வருசம் கழித்து அதன் கசெட் எப்படியோ கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. வாசிகசாலை யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓடவிட்டு, ஒரு பின்னேரம் எல்லாரும் கூடினோம். படம் ஓடியது. ஆறு வந்தது, தோணி வந்தது, அவள் வந்தாள். ஆனால் நாங்கள் மனதுக்குள் கட்டி வைத்திருந்த அந்த அமைதி வரவில்லை. சனம் நெளியத் தொடங்கியது. கடைசியில் வேலாயுதம் அண்ணை எழும்பி, "இது அந்தப் படம் இல்லை. கசெட்டை மாத்திப்போட்டாங்கள்" என்றார். ஓம் ஓம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் வீட்டுக்கு வரும் வழியில், "படம் இதுதான். நாங்கள் பாத்ததுதான் வேற" என்றார். அதற்குப் பிறகும் ஊர் நம்பவில்லை. கசெட்காரனோடு கனகாலம் கதை பேச்சு இல்லாமல் இருந்தார்கள்.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே ஒரு இனிப்பும் வருகிறது. பார்க்காத ஒன்றை அவ்வளவு நேசித்தோமே! ஆனால் இதன் மறுபக்கம் இனிப்பில்லை, தம்பி. அவர் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், அந்தப் படம் எங்கள் ஊரில் அன்றைக்கே செத்துவிடும். ஏன் பிடிக்கவில்லை என்று அவர் பொறுமையாகச் சொல்லுவார், நல்லதையும் எடுத்துச் சொல்லுவார். எங்கள் காதில் அதொன்றும் ஏறாது, கண்ணாடி துடைத்தது மட்டும்தான் ஏறும். அப்படி நாங்கள் தள்ளிவைத்த ஒரு படத்தை இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தபிறகு யாரோ வீட்டில் தற்செயலாகப் பார்த்தேன். ஒரு தாயின் கதை. இருந்த இடத்தில் கண்ணீர் ஓடியது. அந்தப் படம் இவ்வளவு வருசமும் என்னை ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறது, நான்தான் அதைப் பற்றி வாய்க்கால் கரையில் நின்று வாய்கிழியக் கதைத்திருக்கிறேன். அந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தால் எங்கள் எல்லாரையும் வைதிருப்பார்.

இப்போது இங்கே கேபிள் இருக்கிறது, பற்றரிக் கவலை இல்லை, பொத்தானை அமத்தினால் படம் பளிச்சென்று கலரில் வருகிறது. அந்தப் பழைய விமர்சன நிகழ்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் நேரத்தில் ஒரு பெட்டையும் பெடியனும் வந்து நின்று சிரிக்கிறார்கள். என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. படத்தை எடுத்தவரையே கூப்பிட்டு வைத்துப் படம் எப்படி என்று கேட்கிறார்கள். அவர் என்ன, கூடாது என்றா சொல்லப்போகிறார்? பிறகு வரிசைப்படுத்துகிறார்கள், இது முதலாவது, அது பத்தாவது என்று. இதற்கு விமர்சனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கென்றால் கலியாணத்துக்கு வெற்றிலை வைத்துக் கூப்பிடுகிறமாதிரித்தான் இருக்கிறது. நான் இப்படிப் புறுபுறுத்தால் அப்பா, "உமக்குக் கண்ணாடி போட்ட ஆள்தான் வேணும். இதுகள் பாட்டாவது முழுசாப் போடுதுகள்" என்று என்னைச் சீண்டுவார். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இந்தப் புது நிகழ்ச்சியில் ஒரு துண்டு எனக்குப் பிடிக்கும். தியேட்டர் வாசலில் நின்று, வெளியில் வருகிற சனத்திடம் படம் எப்படி என்று கேட்பார்கள். ஒருத்தர் சூப்பர் என்பார், ஒருத்தர் கையை விரிப்பார், ஒரு மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். அவர்களுக்கு அழகாகச் சொல்ல வராது. ஆனால் அவர்கள் உள்ளே இருந்து பார்த்துவிட்டு வருகிறவர்கள். அந்த மனுசி ஒன்றும் சொல்லாமல் போனது எனக்கு நாலைந்து நாள் கண்ணுக்குள் நின்றது.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ சொன்ன அந்தக் கொழும்புச் சஞ்சிகையை நான் தேடி வாங்கிப் பார்த்தேன். இரண்டே வரி. எழுத்துகள் பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போல இருக்கின்றனவாம், அடிக்கும்போது நடுவில் நின்றுபோகிறதாம். எழுதியவருக்குப் பெயர்கூட இல்லை. சரி, ஊர் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்று, கடைத்தெருவில் ரைப்பிங் கடை வைத்திருக்கும் யோகனிடம் போனேன். உன்னோடு படித்தவன், நல்ல பெடியன். போன தைப்பொங்கலுக்கு நீ வந்தபோது அவனுடைய பழைய கொம்பியூட்டரில் உன்னுடையதைப் போட்டுவிட்டுப் போனாயே, அது எப்படி என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"அது சரிவராது அன்ரி. எல்லாரும் சொல்லினம்."

"நீர் அதில அடிச்சுப் பாவிச்சுப் பாத்தனீரோ?"

"இல்லை அன்ரி. எல்லாரும் சொல்லேக்க என்னத்துக்கு?"

"எல்லாரும் எண்டா ஆர்? அவையில ஆரும் பாவிச்சவையோ?"

யோசித்தான். கொழும்பில் ஒரு நண்பன் சொன்னானாம். அந்த நண்பனுக்கு இன்னொருத்தன் சொன்னானாம். எனக்குக் கோபம் வந்தது, அதோடு எங்கள் வாய்க்கால் கரையும் ஞாபகம் வந்தது. எத்தனை பேருடைய உழைப்பை நாங்கள் இப்படித்தான் அரைத்துக் குடித்தோமோ என்று இருந்தது. "அப்ப நான் பாவிச்சுப் பாக்கிறன்" என்று சொல்லி, மூலையில் இருந்த அந்தப் பழைய பெட்டிக்கு முன்னால் போய் இருந்துவிட்டேன். அவன் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடிக்கத் தந்தான்.

அன்றிலிருந்து காலையில் சமையலை முடித்துவிட்டு அங்கே போகிறேன். முதலில் ஒரு விரலால் அடித்தேன். ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகும். பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டது. இந்தக் கடிதமும் அதிலேதான் அடிக்கப்படுகிறது. அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் இருந்து எழும்பி வரும்போது எனக்கு ஒரு மயக்கம்போல வரும். உருண்டையாக, பெரிதாக, ஒன்றோடொன்று இடிக்காமல், பள்ளிக்கூடத்துக்கு வரிசையாகப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறமாதிரி இருக்கும். உனக்கு முதலாம் வகுப்புப் புத்தகத்தின் எழுத்துதான் பிடிக்கும், அதைப் பார்த்துத்தான் இந்த எழுத்துகளைக் கீறியதாக ஒருமுறை சொன்னாய். எனக்கு அது வடிவாகத்தான் இருந்தது. ஆனால் நான் பெற்றவள், என் சொல்லை நீ கணக்கில் எடுக்கமாட்டாய். நானும் எடுக்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு என்கிற கதை எனக்கும் தெரியும். அதனால்தான் நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பார்வதியம்மா என்று ஒருவர் கடைக்கு வந்தார். மலையகத்திலிருந்து வந்து முந்தி எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறி, இப்போது எங்களைப்போலவே இடம்பெயர்ந்து இங்கே முகாமில் இருக்கிறவர். அவருடைய மகன் காணாமல் போனவன். அவனைத் தேடித் தரச்சொல்லி ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக மனு கொடுத்துக்கொண்டு திரிகிறார். பழைய மனு மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது, புதிதாக அடித்துத் தரவேண்டும் என்றார். யோகன் கலியாணக் கார்ட் வேலையில் மூழ்கிக் கிடந்தான். "அந்த அம்மாட்டக் குடுங்கோ, அவா அடிப்பா" என்று என்னைக் காட்டிவிட்டான். கிழிந்த தாளைப் பக்கத்தில் வைத்து, ஒரு சொல்லும் பிசகாமல் பார்த்து அடித்தேன். அச்சாகி வந்ததும் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு எழும்பிப் போகவில்லை. கதிரையில் இருந்து, தாளை மடியில் விரித்து, விரலை வைத்து, வாய்க்குள் எழுத்துக்கூட்டத் தொடங்கினார். "எ... ன... து... எனது. ம... க... ன்... மகன்." அவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏதோ இரண்டு வகுப்புப் படித்தவராம். பழைய மனுவின் எழுத்து மெல்லிசாய் நெருக்கமாய் இருந்ததால் அதை ஒருநாளும் வாசித்ததில்லை, யாராவது காட்டும் இடத்தில் கையெழுத்து வைப்பதோடு சரி. இப்போது வாசிக்கிறார். யோகன்கூட வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். விரல் மெல்ல மெல்ல இரண்டாம் வரிக்கு வந்தது, அங்கேயே நின்றது. திரும்பவும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது யாரு எழுதுனது? கடைக்குச் சென்றபோதுன்னு போட்டிருக்கு. எம் புள்ள கடைக்குப் போகலிங்க. எனக்குக் காச்சல். எனக்கு மருந்து வாங்கத்தான் போனான்."

நான் கிழிந்த தாளைப் பார்த்தேன். அதிலும் கடை என்றுதான் இருந்தது. அதற்கு முந்திய தாளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். முதல் ஆள் ஏதோ அவசரத்தில் அடித்ததை அடுத்த ஆள் பார்த்து அடித்து, அதை அடுத்த ஆள் பார்த்து அடித்து, நானும் பார்த்து அடித்திருக்கிறேன். "இத்தன நாளா எல்லா ஆபீசுலயும் அவன் கடைக்குச் சுத்தப் போனவன்னுதானே நெனச்சிருப்பாங்க" என்று சொல்லி அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது, தம்பி. அழுதேன். யோகன் எழும்பி வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்ப அடித்தேன். இந்த முறை தாளைப் பார்க்கவில்லை, அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "எனக்கு மருந்து வாங்கச் சென்றபோது" என்று முடிக்கிற நேரம், உன்னுடைய மென்பொருள் நின்றுவிட்டது. என்ன தட்டியும் அசையவில்லை. அடித்தது எல்லாம் போய்விட்டது. யோகன் வந்து பெட்டியை அணைத்துத் திரும்பவும் போட்டான். எனக்கு வெட்கமாகவும் உன்மேல் எரிச்சலாகவும் இருந்தது. "அம்மா, கோவிக்காதேங்கோ, அவன்ர மற்றப் பெட்டியில அடிச்சுத் தரட்டோ, கெதியா முடியும்" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "வேணாங்க. இதுலயே அடிங்க. இது எனக்கு வாசிக்க வருது. நான் இருக்கேன்" என்றார். இருந்தார். நான் இன்னொருமுறை முதலிலிருந்து அடித்தேன். அவர் அதையும் முதலிலிருந்து கடைசிவரை எழுத்துக்கூட்டி வாசித்து, மருந்து என்ற சொல்லை விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, பிறகுதான் எழும்பிப் போனார்.

ஆகவே, பாவித்துப் பார்த்தவள் என்ற உரிமையோடு என் விமர்சனத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து என்று அந்தச் சஞ்சிகைக்காரர் எழுதியது உண்மை. அதை மாற்றாதே, எவர் சொன்னாலும் மாற்றாதே. நடுவில் நின்றுபோகிறது என்று எழுதியதும் உண்மை. அது உன்னுடைய பிழை, அதற்கு நான் உனக்காகப் பரிந்து பேசமாட்டேன். சிங்கப்பூருக்குப் போ, நல்ல வேலை செய், நேரத்துக்குச் சாப்பிடு. ஆனால் அதைத் திருத்தி எனக்கு அனுப்பு, கெதியாக அனுப்பு. மனுவில் கடை என்று போன கந்தோர்களுக்கு எல்லாம் திரும்பவும் எழுதவேண்டுமாம். பார்வதியம்மா திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா